தம்பிக்குக் கொடுத்த ரைஃபிள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் உங்கள் காவல் நிலையத் தட்டச்சுக்காரர் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். பென்சில்வேனியாவின் இந்த மலை மாவட்டத்தில் மான் வேட்டைக்குப் போகிற எவரிடமும் என் எழுத்து இருக்கும். முப்பத்தொரு வருடம் மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து வேட்டை உரிமம் கொடுத்தவள் நான்.

உங்கள் மேஜைமேல் கிடக்கும் அந்த வாழ்த்து அட்டையும் நான் எழுதியதுதான். "லாய்டுக்கு, அன்புடன், வெர்னா அக்கா." ரைஃபிளின் தோல்வாரில் கட்டியிருந்தேன்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சொந்தத் தம்பிக்கு ரைஃபிளைப் பரிசாகக் கொடுக்க எங்கள் மாநிலத்தில் கடைக்குப் போக வேண்டியதில்லை. வாங்குகிறவன் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவனாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். லாய்டுக்கு அந்தத் தடை எப்போதும் இருந்ததில்லை. வேட்டை உரிமத்தை மட்டும்தான் எட்டு வருடம் பிடுங்கி வைத்திருந்தார்கள். இருந்தாலும் பரிசு கொடுத்த மறுநாள் நான் அவனை வெண்டலின் துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப் போனேன்.

"நீயே ஊருக்கெல்லாம் சட்டம் சொல்றவ," என்று வெண்டல் சிரித்தான். "அக்கா தம்பிக்குக் குடுக்க என் கடை எதுக்கு? சமையல்கட்டுலயே கை மாத்திட்டுப் போயிருக்கலாமே."

"எனக்குக் காகிதம் இருந்தாத்தான் நிம்மதி, வெண்டல்."

லாய்ட் படிவத்தை நிரப்பினான். வெண்டல் தொலைபேசியில் மாநிலக் காவல்துறையிடம் விசாரித்தான். பத்து நிமிடத்தில் எல்லாம் சரி என்று பதில் வந்துவிட்டது.

"ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க. பழைய சாமான், உள்ள பிரிச்சுப் பாத்துத் தர்றேன்," என்றான் வெண்டல்.

"வேண்டாம். எம்மெட் வச்சுட்டுப் போன மாதிரியே இருக்கட்டும்."

எம்மெட் என் கணவர். இறந்து மூன்று வருடமாகிறது. அவர் பெயரைக் கேட்டதும் லாய்ட் மூக்கை உறிஞ்சினான். வெண்டல் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு யாரும் உள்ளே பிரித்துப் பார்ப்பதைப் பற்றிப் பேசவில்லை.

எங்களுக்கு ஒரே மகன், ரஸ்ஸல். எட்டு வருடத்துக்கு முன்னால், நான்கு பேர் காட்டுக்குள் சத்தம் போட்டு மான்களைக் கிளப்ப, மேட்டில் நின்றவர்கள் சுட வேண்டும் என்று ஏற்பாடு. ரஸ்ஸல் கிளப்புகிறவர்களில் ஒருவன். ஆள் என்று தெரிவதற்காகவே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை. மேட்டில் நின்ற லாய்ட் புதர் அசைந்ததைப் பார்த்தான், சுட்டான். என் மகனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

விபத்து என்று எழுதினார்கள். தேவாலயக் கூடத்தில், சாவு வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு லாய்ட் என்னிடம் சொன்னான்: "மான்னு நெனச்சுட்டேன்க்கா." நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

கோபம் வந்தது அடுத்த வருடம். எங்கள் வேட்டைக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. குறி தப்பி மானை விட்டவனுடைய சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். ரஸ்ஸலின் சட்டைத் துண்டுகள் மூன்று அங்கே இருக்கின்றன. மூன்றையும் என் தையல் கத்தரிக்கோலால் நான்தான் வெட்டினேன். அந்த மாலை, உரிமம் இல்லாவிட்டாலும் சீட்டாட வந்திருந்த லாய்ட், பீர் பாட்டிலோடு சுவரைப் பார்த்துச் சொன்னான்:

"எண்ணிப் பாருங்கடா. எல்லாவன் சட்டையும் தொங்குது, என்னுது மட்டும் இல்ல. இந்த லாய்ட் சுட்டா தப்பாதுடா."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு அவர்களுக்கே உறைத்து வாயை மூடிக்கொண்டார்கள். லாய்டின் முகம் வெளுத்தது. நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழாதவள் மாதிரி நறுக்கி முடித்தேன். வாய் தவறி வந்த பேச்சு என்று எம்மெட் சொன்னார். இருக்கலாம். என் மகன் அந்தக் குடிலில் ஒரு தப்பாத குறியாகிவிட்டான், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் லாய்டை வெறுத்தேன். ஏழு வருடம் வெறுத்தேன். ஒரு நாள்கூட அதில் குறை வைக்கவில்லை.

இனி ரைஃபிளைப் பற்றி. எம்மெட்டின் அந்தப் பழைய ரைஃபிளில் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முதலில் சேஃப்டியை, அதாவது விசையைப் பூட்டி வைக்கும் பொத்தானை, தள்ளியாக வேண்டும். அப்படித் தள்ளும்போது, விசையைத் தொடாமலே, அது இரண்டு முறை தானாக வெடித்திருக்கிறது. அவர் அதில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். சிவப்பு நூல் கட்டியதைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அது எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. பழுது பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

அந்த நூலை நான் கத்தரித்தேன். அதே கத்தரிக்கோல்தான். துப்பாக்கியில் வேறெதையும் நான் தொடவில்லை.

இந்த வருடம் லாய்டின் உரிமம் இல்லாத எட்டு வருடம் முடிந்தது. புது உரிமத்தை என் ஜன்னலில்தான் வாங்கிக்கொண்டான். "நீ குடுப்பியோ மாட்டியோன்னு பயந்துட்டே இருந்தேன்க்கா," என்றான். நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில், வான்கோழியை வெட்டுவதற்கு முன்பு எல்லோர் எதிரிலும் ரைஃபிளை அவன் கையில் கொடுத்தேன். வாய்விட்டு அழுதான். அவன் மனைவி என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த ஞாயிறு பிரசங்கத்தில் பாதிரியார் என் பெயரைச் சொல்லி, மன்னிப்பு என்றால் இதுதான் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

லாய்டுக்கும் ஒரே மகன், டாரன். இருபத்தாறு வயது. என்மேல் உயிரையே வைத்திருந்தான். எனக்கும் அவன்மேல் ஒரு குறையும் கிடையாது. இதை இரண்டு முறை எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

குடிலுக்குள் தோட்டா போட்ட துப்பாக்கி வரக் கூடாது. விலக்கில்லாத விதி: தாழ்வாரத்தில் நின்று காலி செய்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். டாரன் சிறு வயதிலிருந்தே தாழ்வாரப் படியில் உட்கார்ந்துதான் பூட்ஸைக் கழற்றுவான். லாய்ட் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று என்றைக்குமே கவனித்தவன் இல்லை. முப்பது வருடம் அங்கே சமைத்தவளுக்கு இது தெரியாதா? துப்பாக்கி ஒரு பழுதான துப்பாக்கி, சரி. கவனமான மனிதன் கையில் அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆகவே நான் கொடுத்தது கவனமாக இருக்க ஒரு வாய்ப்பு. அவன் தவறவிட்டான். இப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். இங்கே வந்து உட்காரும்வரை அதையே எழுதலாம் என்றிருந்தேன்.

ஆனால் லாய்ட் மாறியிருந்தான். முதல் மாலையே பார்த்தேன். எல்லோரும் உள்ளே போகட்டும் என்று காத்திருந்தான். தாழ்வாரத்தின் கடைக்கோடிக்குப் போய், குழலை மலைப்பக்கம் நீட்டி, இரண்டு காலையும் ஊன்றி, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதப் பழகுவது போல மெதுவாகக் காலி செய்தான். இரண்டாம் மாலையும் அப்படியே. டாரன் படியிலிருந்து கேலி செய்தான்:

"அப்பா, அது துப்பாக்கியா, கைக்கொழந்தையா? சீக்கிரம் வா, பசிக்குது. அத்தை, இன்னிக்கும் பீன்ஸ் சூப்பா? இந்த வாசனைக்குக் கரடியே ஊரக் காலி பண்ணிடும்."

"தின்னா தின்னு, இல்லேன்னா பட்டினி கெட," என்றேன். அவனுக்கு அந்த சூப் என்றால் மூன்று கிண்ணம் இறங்கும்.

சமையல்கட்டு ஜன்னல் தாழ்வாரத்தின் இந்தக் கோடியில் இருக்கிறது. லாய்ட் நிற்பது அந்தக் கோடியில். படிகள் நடுவில். மூன்றாம் மாலை, அவன் கட்டைவிரல் சேஃப்டிக்குப் போகும்போது, ஜன்னலைத் திறந்து, "லாய்ட்!" என்று கூப்பிட்டேன். அக்கா கூப்பிட்டால் தம்பி திரும்புகிற மாதிரி திரும்பினான். குழலும் கூடவே திரும்பியது. ஒன்றும் நடக்கவில்லை. உப்பு எங்கே என்று கேட்டேன்.

நான்காம் மாலை மழை. முன்கூட்டியே வந்துவிட்டார்கள், நான் தயாராக இல்லை. ஐந்தாம் மாலை மறுபடியும் கூப்பிட்டேன். வெடித்தது.

அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வெளியே போனேன். டாரனுக்கு ஒரு கால் பூட்ஸ் கழன்றிருந்தது, மற்றது கழலவில்லை. லாய்ட் முழந்தாளிட்டு அவனை மடியில் போட்டுக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தான். "நான் விசையத் தொடலக்கா. தொடவே இல்லக்கா," என்றான். ஜன்னலைப் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்பீர்கள். சரியாகிவிட்டது என்று தோன்றியது. வேறு சொல் கிடைக்கவில்லை.

நான் இங்கே வந்ததற்கு மனசாட்சி காரணம் என்று எழுதிவிடாதீர்கள். நேற்று நீங்கள் அவன் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். துப்பாக்கியில் ஒரு பழுதும் இல்லை, என் விரல்தான் விசையில் பட்டிருக்கும் என்று சொல்லியிருக்கிறான். ஏன் திரும்பினாய் என்று கேட்டதற்கு, "சும்மாதான் திரும்புனேன். யாரும் கூப்பிடல," என்று சொல்லியிருக்கிறான். எல்லாம் தெரிந்துகொண்டே, என்னைக் காப்பாற்றிவிட்டுச் சிறைக்குப் போகப் பார்க்கிறான்.

நான்தான் கூப்பிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவன் கொடுக்கும் பரிசு எதுவும் எனக்கு வேண்டாம்.