உலகம்மா செம்பு

அப்பல்லாம் நம்ம கருங்காப்பட்டியில ரோடு கெடையாது, ஆஸ்பத்திரி கெடையாது. அவசரத்துக்கு மட்டும் கொறைவில்ல. அந்த ஊருக் கொல்லப்பட்டறையில துருத்தி போட்டவ உலகம்மா. எங்க வம்சத்துக்கு மூத்தவ அவதான். மாமனார் சாகக் கெடந்தப்ப முப்பது நாளு பக்கத்துலயே ஒக்காந்து மூச்சப் பாத்தவளாம்.

ஒரு வெள்ளிக்கிழமை. பெரியவீட்டு மருமக சொர்ணத்தாயி, கைப்புள்ளக்காரி, காய்ச்சல்ல ஆறு நாளா நெனவில்லாமக் கெடக்கா. வைத்தியர் வந்தாராம். மூக்குக்கிட்ட பஞ்சு வச்சாராம். பத்து எண்ணுற நேரம் பாத்தாராம். பஞ்சு ஆடல. முடிஞ்சுபோச்சுன்னுட்டாராம்.

விடிஞ்சா சனி. சனிப்பொணம் தனியாப் போகாதுல்ல? பொழுது சாயுறதுக்குள்ள தூக்கணும்னு மாமியாக்காரி பறக்குறா. பாடை கட்டியாச்சு, கொட்டுக்காரங்க வந்தாச்சு. புள்ள பாலுக்கு அழுவுது. அதக் கேக்க ஆளில்ல, சனிக்குப் பயப்பட ஊரே நிக்கிது. நெனச்சா எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது.

மொகம் பாக்கப் போன உலகம்மா மொகத்தப் பாக்கல, வயித்தப் பாத்தாளாம். லேசா ஏறுச்சாம், எறங்குச்சாம், நின்னுபோச்சாம்.

"ஐயா, இது நின்னு நின்னு வர்ற மூச்சு. எங்க மாமனாருக்கும் இப்படித்தான் வந்துச்சு. நின்ன நேரத்துல பஞ்சு வச்சிருக்கீங்க."

கரி புடிச்ச கைக்கு நாடி தெரியுமான்னு வைத்தியர் கேட்டாராம். கூட்டம் சிரிச்சுதாம். செத்த வீட்டுல சிரிப்பு!

உலகம்மா அந்த வீட்டுச் சின்னச் செம்புல தளும்பத் தளும்பத் தண்ணி மோந்து, சொர்ணத்தாயி வயித்துல வச்சு, சத்தமா எண்ணுனாளாம். பத்து. தண்ணி அசையல. இருபது. அசையல. முப்பது. "தூக்குங்கப்பா"ங்கிறா மாமியா. உலகம்மா செம்ப விடல, எண்ணுறத விடல. முப்பத்தெட்டுல தண்ணி லேசா அசைஞ்சுச்சாம். அடுத்த மூச்சுல வழிஞ்சு சேல நனைஞ்சுதாம். கொட்டுக்காரங்க கொட்ட எறக்கி வச்சுட்டாங்களாம்.

ரெண்டு நாளு எந்திரிக்காம எண்ணுனாளாம். மூணாம் நாளு சொர்ணத்தாயி கண்ணத் தொறந்து, புள்ள எங்கன்னு கேட்டாளாம்.

ஊரு என்ன செஞ்சுச்சு? வைத்தியருக்குப் பரிவட்டம் கட்டுச்சு. உலகம்மாகிட்ட, இது தீட்டுச் செம்பு, நீயே வச்சுக்கன்னு தள்ளி விட்டாங்களாம். சாகாதவளுக்கு என்னய்யா தீட்டு?

அன்னையிலருந்து நம்ம ஊருல ஆரு செத்தாலும், செம்பு வச்சு மூணு நூறு எண்ணாமக் கொட்டு அடிக்கிறதில்ல. செம்பு எங்க வீட்டுப் பொட்டியிலதான் இருக்கு. ஆனா ஊருக்குள்ள அதுக்குப் பேரு 'வைத்தியர் செம்பு'. அவரு அதத் தொட்டதுகூட இல்ல.

நேத்துக்கூட ஒருத்தன் வந்து, வைத்தியர் செம்பக் குடுங்கன்னு நின்னான். எழவு வீட்டுக்காரன்தான், பாவந்தான். இருந்தாலும் உலகம்மா பேர அவன் வாயால சொல்ற வரைக்கும் நான் பொட்டியத் தொறக்கல.