கேட்டுல தொங்குற போர்டு

பாத்து, பாத்து! அந்த எடத்துல கால வைக்காதீங்க, வழுக்கும். செருப்பெல்லாம் கழட்ட வேணாம்மா, போட்டுக்கிட்டே வாங்க. மழத் தண்ணி இல்ல, என் பாத்ரூம் தண்ணிதான். இப்பத்தான் குளிச்சேன். நான் குளிச்சா ஹாலும் சேந்து குளிக்கும்.

உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அந்தப் பக்கம் தரை மேடு பள்ளம், ஆடும். இதுல உக்காருங்க. ம். கேட்டுல தொங்குற காண்ட்ராக்டர் போர்டப் பாத்துட்டு விசாரிக்க வந்தீங்களா? ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க. முனை வீட்ட வாங்கினது நீங்கதானா? அக்கான்னே கூப்புடுங்க, அதுல என்ன இருக்கு. பழைய வீடுதான், ஆனா சுவரெல்லாம் நல்ல சுவரு. சமையக்கட்டு, பாத்ரூம் ரெண்டு மட்டும் மாத்தணுமா? அவரு வந்து அளந்துட்டும் போயிட்டாரா! நாளைக்கு பதில் சொல்லணும். சரி.

ஒண்ணு கேக்குறேன். இதே தெருவுல ஒரு வீடு செஞ்சிருக்கேன், போய்ப் பாருங்கன்னு அவரு ஒங்ககிட்ட சொன்னாரா? சொல்லல. சொல்ல மாட்டாரு. போன்ல படம் காட்டியிருப்பாரு. ஆமா, அதே நீலக் கலர் சமையக்கட்டுதான். எனக்கும் அதத்தான் காட்டினாரு.

எந்திரிங்க. நான் வாயால சொல்லி என்ன, நீங்களே கண்ணால பாருங்க.

இதான் பாத்ரூம். தண்ணி போற ஓட்ட எங்க இருக்கு? அதோ அந்த மூலையில. இப்ப ஒரு மக்கு தண்ணி ஊத்துறேன், எங்க போவுதுன்னு மட்டும் பாருங்க... பாத்தீங்களா? நேரா வாசலுக்கு வருது. வந்த ஆள வாங்க வாங்கன்னு கூப்புடுற மாதிரி. தரைக்கு வாட்டம்னு ஒண்ணு உண்டாம்மா, தண்ணி ஓட்டையத் தேடி எறங்குற மாதிரி லேசா சாய்க்கணும். சாய்க்கலேன்னு நான் சொல்லவே மாட்டேன். சாய்ச்சிருக்காரு. இந்தப் பக்கம்.

சுவத்து டைல்ஸத் தட்டிப் பாருங்க. விரலால இல்ல, முட்டியால. டொக்கு டொக்குங்குதா? உள்ள ஒண்ணுமில்ல, வெத்து. அந்த ஓரத்துல ஒண்ணு ஏற்கனவே விழுந்துடுச்சு, நல்லவேள நான் அடுப்படில இருந்தேன். கலரப் பாருங்க. இது வெள்ள. இது சந்தனம். மேல ரெண்டு வரிசை மட்டும் பச்ச இலை. என்னங்க இதுன்னு கேட்டா, இப்பல்லாம் கலந்து போடுறதுதான் ஃபேஷன்னு சொன்னாரு. நம்பிட்டேன். இத்தன வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவளுக்கு இங்க எது ஃபேஷன்னு என்ன தெரியும்?

ஆமாம்மா, ஆஸ்பத்திரி வேல. நர்சு. அங்க ஒரு வீட்டுல பொண்ணுங்க கூட்டமா இருப்போம், எல்லாருக்கும் ஒரே பாத்ரூம். உள்ள போய்த் தாப்பா போட்ட ஒடனே எவளாவது கதவத் தட்டுவா. திரும்பிப் போனா எனக்குன்னு ஒரு பாத்ரூம், யாரும் தட்டாத பாத்ரூம், அப்படின்னு சொல்லிச் சொல்லியே காலத்த ஓட்டினேன். சிரிக்காதீங்க. சில பேரு தோட்டம் வேணும்னு நெனப்பாங்க, எனக்கு அதுதான் தோணுச்சு.

சமையக்கட்டுக்கு வாங்க. இந்த மேடை எம்புட்டு ஒசரம் பாருங்க, என் நெஞ்சுக்கு வருது. காய் நறுக்குறதுக்கு ஸ்டூல் போட்டு ஏறி நிக்குறேன். மேடையில ஏறிப் பேசுற தலைவர் மாதிரி. அந்த டிராயர இழுங்க. நல்லா இழுங்க. வராது, அடுப்புல இடிக்கும். கரண்டி வேணும்னா மொதல்ல அடுப்ப நகத்தணும். லைட் சுவிட்சு எங்கன்னு தேடுறீங்களா? கதவுக்குப் பின்னாடி. உள்ள வந்து, கதவச் சாத்தி, இருட்டுல தடவிக் கண்டுபிடிக்கணும்.

கேக்காம இருப்பேனா? கேட்டேன். கொத்தனாருக்கு ஒடம்பு சரியில்லம்பாரு. ஆளு வேற வேலைக்குப் போயிட்டாம்பாரு. எப்ப போன் போட்டாலும் இதோ வந்துட்டேன், தெருமுனையில நிக்குறேம்பாரு. தெருமுனையிலயே குடி வந்துட்டானோன்னு போய்ப் பாத்தேன் ஒரு நாள். வந்தாலும் என்ன, டீயக் குடிச்சுட்டு, ஃபேனுக்கடியில கால நீட்டி உக்காந்துட்டு, சரி பண்ணிடலாம் சரி பண்ணிடலாம்னு சொல்லிட்டுப் போயிடுவான்.

அவன்னா சொன்னேன்? விடுங்க, கோவத்துல வாயில மரியாத நிக்க மாட்டேங்குது.

கேஸ் போடலாம்தான். நீங்களும் அதத்தான் நெனப்பீங்க. போய் நின்னு என்னன்னு சொல்றது, சொல்லுங்க. அத விடுங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அந்த நீலக் கலர் சமையக்கட்டு வீட்டையே தேடிப் போயிட்டேன். அவன்கிட்ட வேல செய்யற பெயிண்டர்கிட்ட விலாசம் கேட்டேன். தொழில் தெரியாத ஆளு, போற வீட்டையெல்லாம் இப்படித்தான் கெடுத்து வச்சிருப்பான், எல்லாருமா சேந்து போய்ச் சட்டையப் புடிக்கலாம்னு ஒரு வேகம்.

அங்க ஒரு பல் டாக்டரம்மா. அவரு பேரச் சொன்னதும் அந்தம்மா மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. தங்கமான மனுஷன்னாங்க. ஒரு டைல்ஸ் அர நூல் வெலகினாலும் பேத்துட்டு மறுபடி போட வச்சாராம். மேடை ஒசரத்துக்கு அந்தம்மாவ நிக்க வச்சு, கைய மடக்கச் சொல்லி அளந்தாராம். எனக்கு மண்ட கிறுகிறுத்துடுச்சு. கொஞ்சம் பாத்ரூம் போயிட்டு வரேன்னு உள்ள போயிட்டேன்.

உள்ள போய் என்ன பண்ணேன்? ஒரு மக்கு தண்ணி ஊத்தினேன்.

அப்படியே அலுங்காம, நேரா போயி, ஓட்டைக்குள்ள எறங்கிடுச்சும்மா. ஒரு சொட்டு இந்தப் பக்கம் வரல. மறுபடி ஊத்தினேன். மறுபடி. நிமிந்து சுவத்தப் பாக்குறேன், நாலு பக்கமும் பச்ச இலை. என் வீட்டுல ரெண்டு வரிசை இருக்குல்ல, அதே இலை. அவங்க வீட்டு மிச்சம். சந்தனக் கலரு வேற யாரு வீட்டு மிச்சமோ. இந்த மேடையும் யாருக்கோ செஞ்சு, அவங்க வேணாம்னு தள்ளினதா இருக்கும். முன்னப்பின்ன தெரியாதவங்க பாத்ரூம்ல நின்னு, கொழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேன். அந்தம்மா வந்து கதவத் தட்டுது, என்னங்க, ஒடம்பு சரியில்லியான்னு. தண்ணி நல்லாப் போவுதுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பைத்தியம்னு நெனச்சிருக்கும், பாவம்.

வேல தெரியாதவன்னா மன்னிச்சிருப்பேன்மா. சத்தியமா மன்னிச்சிருப்பேன். ஒழுங்காச் செய்யத் தெரியும், செய்யவும் செய்யறான், எனக்கு மட்டும் செய்யல. அதத்தான் தாங்க முடியல.

போர்டா? அதான, இவ்வளவு பேசுறவ அத ஏன் இன்னும் தொங்க விட்டிருக்கான்னுதான கேக்குறீங்க? கழட்டத்தான் போனேன். ஸ்டூலக் கொண்டு போய்ப் போட்டு, ஏறி, கம்பி முறுக்கக் கூடப் பிரிச்சு விட்டுட்டேன். அதுக்கு மேல கை வரல. அதுல எழுதியிருக்கே பேரு, அது எங்க அப்பா பேரு.

ஆமா. அப்பா பேர்லதான் தொழில் நடத்துறான் என் தம்பி.

ஒரே தம்பி. அவன் படிப்புக்குத்தான் நான் வெளிநாட்டுக்கே போனது. வாட்டம்னா என்னன்னு அவனுக்குத் தெரியாதா? நான் படிக்க வச்ச படிப்புதான? பல் டாக்டரம்மா வீட்டுலேருந்து நேரா அவன்கிட்டப் போய்க் கேட்டேன், ஏன்டா எனக்கு மட்டும் இப்படின்னு. கொஞ்சம் கூடக் கூச்சமில்ல. வெளி ஆளுங்களுக்கு ஒழுங்காச் செய்யலேன்னா பேரு கெட்டுடும்க்கா, இது நம்ம வீடுதான, நீ என்ன ஊருக்குள்ள போய்ச் சொல்லவா போறேங்குறான். மொகத்துல சிரிப்பு வேற, சின்னப் புள்ளையில சிரிப்பானே, அதே சிரிப்பு.

இதோ, மொத மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்றேன்.

ஏம்மா எந்திரிச்சுட்டீங்க? வேற ஆளப் பாக்கப் போறீங்களா? ஐயையோ, நான் அதுக்குச் சொல்லல. அவனுக்கே குடுங்க. தைரியமாக் குடுங்க, பிரமாதமாப் பண்ணிக் குடுப்பான். நீங்க அவனுக்கு யாரு, யாரோதான?

பாத்து, வாசல்ல வழுக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும். அவன் முன்னால என்ன அக்கான்னு கூப்புட்டுடாதீங்க. என்னத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்க வேணாம். நீங்களும் நம்ம ஆளுன்னு நெனச்சுட்டான்னா, ஒங்க வீட்டுத் தண்ணியும் ஹாலுக்குத்தான் வரும்.