பிளேட்லெட் கூடியவர்

செவ்வாய்க்கிழமை காலை, கருங்கலிலிருந்து தக்கலை செல்லும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இருந்த முதியவர், பக்கத்தில் இருந்த நண்பரிடம் இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார்.

“உமக்கு டெங்கு வந்தப்பம் பிளேட்லெட் குறைஞ்சு, பப்பாளி இலைச்சாறா குடிச்சீரு. எனக்குக் கூடிக் கிடக்கு, பாரும்!”

“கூடினா நல்லதுல்லா வே?”

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன். டாக்டர் பீடி குடிப்பீரான்னு கேட்டாரு. நுரையீரல்ல புற்று இருந்தாலும் இப்பிடிக் கூடுமாம். ஸ்கேன் எடுக்கணும், கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாரும்னாரு.”

“மகன்ட்ட சொன்னீரா?”

“குவைத்துல இருந்து அவன் என்ன செய்வான்? சொல்லல்ல.”

“என்னைக்கு ஸ்கேன்?”

“இன்னைக்குத்தான். இப்பம் அங்கதான் போறேன்.”

“கூட யாரு வாறா?”

“நீரு தக்கலையில இறங்கி எங்க போறீரு?”

நண்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சும்மா கேட்டேன் வே,” என்றார் முதியவர் அவசரமாக.