தார்நாக்கா சிக்னலில் பெய்த மழை

— தார்நாக்கா வழி நக்கோம்மா, வேணாம். சுத்திப் போயிடலாம்.

— இன்னாத்துக்குடீ சுத்தறே? ஸ்கூட்டிக்குப் பெட்ரோலு சும்மாவா ஊத்தறான்? லலிதா போட்ட ஃப்ளாட் வெளம்பரப் படம் வூடு ஒசரத்துக்கு நிக்குதுன்னு பக்கத்து வூட்டு மங்களம் வந்து சொல்றா. பெத்தவ நான் பாக்கக் கூடாதா?

— சிக்னல்ல ஒரே கூட்டமா இருக்கும்மா.

— இருக்கட்டும். நிறுத்து, நிறுத்து. தோ, அதானே? அய்யோ, எவ்ளோ பெருசு!

— ஹவ், அதான். பாத்துட்டல்ல, போலாமா?

— இருடீ. வண்டிய ஓரமாப் போடு. சோபா, வெளக்கு, செவுரு முழுக்க ஜன்னலு... கட்டடமே இன்னும் முடியலன்னே, அதுக்குள்ள மழயே பேஞ்சிடுச்சா?

— எல்லாம் கம்ப்யூட்டர்ல செய்யறதும்மா. அமீர்பேட்டுல அதத்தானே படிச்சேன்.

— தொட்டா கை நனையும் போல இருக்கே.

— சின்னச் சொட்டெல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்கணும். பெருசு வழியில இருக்கிறத முழுங்கிக்கிட்டே எறங்கணும். அது எறங்கின தடத்துல மட்டும் கண்ணாடி தெளிவாத் தெரியணும். கண்ணு எரிய எரிய உக்காந்து செஞ்சேன்.

— சரி, மழ எதுக்கு? வெயிலடிச்சா ஃப்ளாட் விக்காதா?

— மழைன்னா ஜனங்களுக்குப் புடிக்கும்மா. உள்ள கதகதப்பா இருக்கிற மாதிரி தோணும்.

— அந்த ஜன்னலு எந்தப் பக்கம் பாத்தது?

— எந்தப் பக்கமோ. ஞாபகம் இல்ல.

— நம்ம ரயில்வே குவாட்டர்ஸ் லைனுக்குப் பின்னால எழும்புதே, அதானே இது? அங்க நட்ட போர்டுல இருக்கிற அதே மயிலு மார்க்கு, இங்கயும் மூலையில இருக்கு. தோ, தண்ணி டேங்கு கூட கலங்கலாத் தெரியுது. இது நம்ம பக்கம்டீ! நம்ம வூடு எங்க?

— மழைல மறஞ்சிருக்கும்மா.

— மறஞ்சிச்சா, மறைச்சியா?

— ஆபீஸ்ல சார்தான் சொன்னாரு. பழைய குவாட்டர்ஸும் கொடியில தொங்கற துணியும் தெரிஞ்சா எவன் வாங்குவான், மழைய வுட்டு மூடுன்னாரு.

— நீ இன்னா சொன்னே?

— சரி சார்னேன்.

— அது எங்க வூடுன்னு சொன்னியா?

— போலீஸ்காரன் நம்மளயே பாக்கறான்மா. போலாம்.

— பாக்கட்டும். சொன்னியா?

— அல்வால்ல சொந்த வீட்டுல இருக்கோம்னு சொல்லி வெச்சிருக்கேம்மா. சேந்த அன்னைக்கே. அப்பா டிஃபென்ஸ்லன்னு.

— ஒங்கப்பா ஒர்க்‌ஷாப்புல ரயில் சக்கரத்தோட மல்லுக்கட்டறாரு. அதுவா டிஃபென்ஸு?

— மெதுவாப் பேசும்மா. உன் கால்ல வேணா விழறேன்.

— விழாத, ரோடு அழுக்கு. மழய வுட்டே, மூடிட்டே. அந்தப் பெரிய சொட்டுக்குள்ள இன்னாடீ அது?

— எந்தச் சொட்டு?

— நடுவுல, பூசணிக்கா பெருசுக்கு நிக்குதே. உள்ள ஓட்டுக் கூர தலகீழாத் தெரியுது. கொடி தெரியுது. ஊதாப் பொடவ கட்டிக்கினு ஒருத்தி நிக்கிறா. நான் இப்போ கட்டியிருக்கேனே, இதே ஊதா.

— சொட்டு அப்படித்தாம்மா. கண்ணாடிக்கு அந்தாண்ட எல்லாம் கலங்கிப் போனாலும், சொட்டுக்குள்ள மட்டும் தலகீழா, துல்லியமா விழும். அது இல்லன்னா பொய் மழைன்னு பாத்த ஒடனே தெரிஞ்சிடும். அந்தக் கட்டடத்து மேல ஏறி நின்னு நான் எடுத்த போட்டோவ ஜன்னலுக்கு வெளிய வெச்சேன். கம்ப்யூட்டர்ல எள்ளு மாதிரி இருந்துச்சு, கவனிக்கல. இங்க தூக்கி மாட்டின அப்புறம்தான் பாத்தேன். அதுலேர்ந்து இந்தப் பக்கமே வரதில்ல.

— ஆபீஸ்ல எவனாச்சும் கேட்டானா?

— இல்ல. யாரோ துணி காயப்போடற பொம்பளன்னு நெனச்சிருப்பாங்க. நீயும் துணிதானே காயப்போட்டுக்கிட்டு இருந்தே, கையத் தூக்கி?

— கொடி எங்க இருக்கு, நான் எங்க நிக்கிறேன், நல்லாப் பாரு. எம் பொண்ணு அவ்ளோ ஒசரத்துல நிக்கிறாளேன்னு ஒனக்குத்தான்டீ கையக் காட்டினேன். நீ என்னப் பாத்தே. பாத்த ஒடனே அந்தக் கேமராவத் தூக்கி மூஞ்சிய மறைச்சிக்கிட்டே. அப்போ எடுத்ததுதான் இது.