பென்னிக்கு முன்னால் போன் தூக்கக் கூடாது

விசாரணைக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சார். போட்டித் தொண்டர்களான எங்களுக்குக் கொடுத்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அருமை. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்பூரி ரப்பர் எஸ்டேட்டில் வருஷந்தோறும் நடக்கும் இந்த மூன்று நாள் போட்டிக்கு நாட்டின் பெரிய குதிரைகள் எல்லாம் வரும். முதல் நாள் குதிரை சொன்னபடி நடக்க வேண்டும். மறுநாள் மேடு, ஓடை, மரக்கட்டை தாண்டி ஓட வேண்டும். கடைசி நாள் கம்புகளைத் தட்டாமல் குதிக்க வேண்டும். கடைசிக் கம்புக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை. விழுந்தால் எடுத்து வைப்பேன். பட்டப்படிப்புக்குத் தகுந்த வேலைதான்.

சிஜி என் வகுப்புத் தோழி. அவளுடைய அப்பா சகாயதாஸ் மாமா கடலுக்குப் போகிறவர். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பென்னி என்ற குதிரையை வாங்கி, கடற்கரையில் கல்யாணப் படப்பிடிப்புகளுக்கு வாடகைக்கு விட்டார். யாராவது எதிரே போனை உயர்த்தினால் பென்னி அப்படியே நின்று கழுத்தைச் சாய்த்துக் காட்டும். அந்தக் குதிரையில்தான் சிஜி குதிக்கப் பழகினாள். இரண்டு நாள் முடிவில் அவளே முதலிடம். ஜெயித்தால் பெங்களூரில் தங்கிப் பயிற்சி.

கடைசி நாள் காலையில் மாமா என் தோளைப் பிடித்தார்.

"மக்கா, பென்னிக்கு முன்ன ஆரும் போனு தூக்கப்பிடாது, கேட்டியா? அது கல்யாணக் குதிரையாக்கும். நின்னு போஸு குடுத்துப்போடும். நீ உண்டுங்கிற தைரியத்திலயாக்கும் நான் இருக்கேன்."

பொறுப்பாகச் செய்தேன். வேலியோரம் நின்ற ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். சண்டைக்கு வந்த ஒரு டாக்டரின் போனை நானே அவர் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

கல்லூரிச் சுவரில் நான் எழுதி ஒட்டும் கிண்டல் பக்கத்துக்குச் சிஜி ஒருத்திதான் சிரிப்பாள். என் நண்பன் நிஜின் படித்துவிட்டு, "இதுல எந்த எடத்துலலே சிரிக்கணும்?" என்று கேட்பான். அவள் பெங்களூர் போவதில் எனக்குச் சந்தோஷம்தான், சார். போகிறவளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. யாருக்கும் தோன்றுவதுதானே.

கடைசிக் கம்புக்குப் பென்னி வந்தது. எல்லார் கண்ணும் குதிரை மேல். நான் கையைத் தூக்கினேன். பென்னி நின்றது. கழுத்தைச் சாய்த்தது. அழகாகவே இருந்தது. சிஜி மட்டும் கம்பைத் தாண்டினாள். கம்பு விழவில்லை என்பதால் எனக்கு வேலை இல்லை.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கையில் மாவுக்கட்டோடு கிடந்த சிஜி பொருமினாள்.

"எலே சபரீஷே, எவன்லே அந்தப் போனைத் தூக்கினது? கிட்டட்டும், அவனுக்கும் இதுபோலொரு கட்டு உண்டு."

"குதிரைக்கு ஆரோ கல்யாணம் பேசியிருப்பாங்க, படம் வேணும்லா" என்றேன். வலியோடு சிரித்தாள். மாமா எனக்குச் சாயா வாங்கித் தந்தார். அவள் இனி அடுத்த வருஷம் வரை இங்கேதான். யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

நீங்கள் காட்டிய போட்டி வீடியோவில் போனோடு தெரியும் கை என்னுடையதுதான். மறுக்கவில்லை. அன்று எடுத்த படத்தைக் காட்டச் சொல்கிறீர்கள். அதுதான் முடியாது. மைதானத்துக்குள் வரும்போதே என் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோயிருந்தது. பென்னிக்குத்தான் அது தெரியாது.