முதல் தொட்டியின் பெரியப்பா

நன்னீர் மீன் இனப்பெருக்க நிலையத்தின் தலைவியாய் இருபத்தாறு ஆண்டுகள் நீரிலும் நேரிலும் நின்று, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அம்மையாருக்கு நிலையப் பணியாளர்கள் படித்தளிக்கும் மடல்.

அலைமோதும் ஆற்றிலும் அசையாத அலுவலகத்திலும் ஒரே பொறுமையோடு நீந்தியவரே! செதிலைத் தொட்டுச் சேதி சொல்பவரே! முழங்கால் நீரில் முக்கால் ஆயுளைக் கழித்தும் ஒருமுறைகூட வழுக்கி விழாதவரே! (விழுந்த இரண்டு தடவையும் நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம், ஆகவே அவை சேரா.) வணக்கம்.

இம்மடலை எழுதும் வேலை பம்ப் ஓட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது. ஒருமுறை ஓய்வுபெற்றுப் போய், அந்தப் பம்ப் வேறு யாருக்கும் கட்டுப்படாததால் திரும்ப அழைக்கப்பட்ட மூத்தவன் என்பது ஒரு காரணம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பது இன்னொரு காரணம். அந்தக் கையெழுத்து இந்த நிலையத்துக்கு என்ன செய்தது என்று இங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். வந்திருக்கும் விருந்தினர்களுக்கும் தெரிய வேண்டும்.

அதற்கு முன் தங்களைப் பற்றி வெளியில் உலவும் ஒரு கதையைத் திருத்திவிடுகிறோம். தாங்கள் ஆற்றில் இறங்கினால் மீன்கள் வரிசையில் நின்று எடை பார்த்துக்கொண்டு போகும் என்கிறார்கள். இது மிகை. வரிசையெல்லாம் கிடையாது, கூட்டமாகத்தான் வரும்.

பெருந்தகையீர்! துடுப்பு ஓரத்தில் மருதாணி இட்டதுபோல் சிவந்திருக்கும் கெண்டையை நாங்கள் செவ்விளிம்பன் என்கிறோம். ஒரு காலத்தில் இந்த ஆற்றில் குளிக்க இறங்கினால் அது காலைக் கடிக்காமல் கரையேற முடியாது. பிறகு மணலை அள்ளினார்கள். அது முட்டையிடும் கூழாங்கல் படுகையும் சேர்ந்து போயிற்று. அணை நீரை நிறுத்தியது. எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட பெருவாய் மீன் மிச்சமிருந்த குஞ்சுகளைத் தின்றது. ஆறு குட்டை குட்டையாகச் சுருங்கிய ஒரு கோடையில் நம் வலைக்காரர் மூன்றே மூன்றைப் பிடித்துவந்தார். டிரம்மில் நீர் தளும்பக் கூடாது என்று ஓட்டுநர் வண்டியை எவ்வளவு மெதுவாக ஓட்டினார் என்றால், கைத்தடி ஊன்றிய ஒரு கிழவர் எங்களை முந்திக்கொண்டு கடைக்குப் போனார். அவர் திரும்பி வரும்போதும் நாங்கள் அதே தெருவில்தான் இருந்தோம்.

மூன்றில் இரண்டு, வயிற்றை வருடியதும் விந்து சிந்தின; அவை ஆண்கள். மூன்றாவது எல்லாவற்றிலும் பெரியது. அது எதையும் காட்டவில்லை. முதல் தொட்டியின் மூலைக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரை போட்டால் வராது. பந்தியில் முதலில் தன்னைக் கூப்பிடவில்லை என்று முறுக்கிக்கொண்ட ஆள் மாதிரி நிற்கும். "பெரியப்பா மாதிரில்ல இருக்காரு" என்று நான் சொன்னேன். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த வாரம் தாங்கள் ஆற்றின் மேல்பகுதிக்குப் போயிருந்தீர்கள். எல்லாத் தொட்டிக்கும் அட்டை எழுதித் தொங்கவிடச் சொன்னார் எழுத்தர். நான் எழுதினேன். முதல் தொட்டிக்கு, வளைவும் சுழியும் குறையாமல், "பெரியப்பா. ஆண்" என்று எழுதினேன். பெரியப்பா வேறென்னவாக இருக்க முடியும்? எனக்குச் சந்தேகம் வரவில்லை. அவ்வளவு அழகான எழுத்தைப் பார்த்த யாருக்குமே வரவில்லை. எழுத்தர் அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றினார், பதிவேட்டைப் பார்த்துத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்: ஆண் மூன்று, பெண் இல்லை.

அன்று தொடங்கியது நம் பெண் பார்க்கும் படலம். ஏழு வருடம், நான்கு ஆறுகள். தாங்கள் பார்க்காத மடு இல்லை, விசாரிக்காத வலை இல்லை. போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். நாம் சோர்ந்து திரும்பும்போதெல்லாம் பெரியப்பா மூலையில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார் என்றுகூடத் தோன்றும். மீன் அப்படித்தான் மூச்சு விடும் என்று இருந்துவிட்டோம்.

ஏழாம் வருடக் கோடையில் ஆண்களில் ஒன்று இறந்தது. மற்றதற்குக் கண்ணில் புரை விழுந்து, தொட்டியருகே செய்தித்தாளைப் பிரித்தால் தலைப்பை மட்டும் படிக்கும் நிலையில் இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பெண்ணே இல்லாமல் இனப்பெருக்கம் எப்படி, திட்டத்தை மூடிவிட்டு இருக்கும் இரண்டையும் காட்சிக்கூடத்துக் கண்ணாடித் தொட்டிக்கு அனுப்புக என்றார்கள். தாங்கள் கெஞ்சிக் கெஞ்சி மழைக்காலம் முடியும்வரை தவணை வாங்கினீர்கள். அதற்குள் பெண் கிடைக்காவிட்டால் அந்த இனம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று முடிந்துபோகும்.

முதல் மழையன்று நான் இன்னொரு தவறு செய்தேன். வால்வை மூட மறந்தேன். இரண்டு நாள், புது வெள்ளம் நேராக முதல் தொட்டிக்குள் பாய்ந்தது. அந்த வாரத்திலேயே பெரியப்பாவின் வயிறு உப்பத் தொடங்கியது.

"பெரியப்பாவுக்குத் தொப்பை விழுந்துருச்சு, சாப்பாட்டக் குறைங்க" என்றார் ஓட்டுநர். ஆய்வக உதவியாளர் இரையைப் பாதியாக்கினார். வயிறு குறையவில்லை. ஒன்பது நாள் பத்தியம் வைத்தோம். பெரியப்பா எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பத்தாம் நாள் தாங்கள் வந்தீர்கள். கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மீனை மயங்க விட்டு, ஈரத்துணியில் கிடத்தி, அடிவயிற்றில் விரலை வைத்தீர்கள். பிறகு மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தீர்கள். அதன் நுனியில் மஞ்சளாய் மூன்று மணிகள். வீட்டுக்கு வந்த உறவினரை அறிமுகம் செய்வதுபோல், அமைதியாகச் சொன்னீர்கள்:

"பெரியப்பா இல்லய்யா இது. பெரியம்மா."

ஏழு வருடம் அடங்கியிருந்த சினை, புது வெள்ளம் பட்டதும் முதிர்ந்திருக்கிறது. இருந்தது ஒரே பெண், ஒரே கிழட்டு ஆண். ஹார்மோன் ஊசி கூடினால் மீன் போகும், குறைந்தால் சினை இறங்காது. இந்த வருடம் உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும், அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்றார் வலைக்காரர். தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்த தாங்கள் தலையை நிமிர்த்தாமல் கேட்டீர்கள்: "அடுத்த மழைக்கு ரெண்டு பேரும் இருப்பாங்கன்னு யார் எழுதித் தர்றீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த நிலையத்தில் முதல்முறையாக நான் எதையும் எழுத மறுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் தங்கள் கையாலேயே ஊசி. பிற்பகலில், தாங்கள் வயிற்றை நீவ, சினை தங்கமணியாய் உலர்ந்த தட்டில் விழுந்தது. கிழவர் இரண்டு சொட்டுக் கொடுத்தார். மூன்றாவது சொட்டுக்கு யோசித்தார். இறகால் கலந்து, நீர் விட்டு, பொரிப்புத் தட்டுகளில் பரப்பினீர்கள். பூஞ்சை பிடித்து வெளுத்த முட்டைகளை ஒவ்வொன்றாக டிராப்பரால் எடுக்க எழுத்தர் முதல் ஓட்டுநர் வரை மாறி மாறி உட்கார்ந்தோம். நான்காம் நாள் காலையில் தட்டுக்குள் ஒரு கண்ணிமை துடிப்பதுபோல் ஏதோ துடித்தது. முடிவில் எஞ்சியவை நானூற்றுப் பதினாறு குஞ்சுகள். பெரியம்மாவும் பிழைத்தார். அன்று அவருக்கு முழு இரை வைத்து எல்லோரும் மன்னிப்புக் கேட்டோம். மன்னித்ததாகத் தெரியவில்லை, ஆனால் சாப்பிட்டார்.

பொறுமையின் பொக்கிஷமே! இனி சொல்வதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். ஏழு வருடம் ஒரு பெண் மீனை ஆண் என்று எழுதி வைத்தது யார் என்று விசாரிக்க மேலதிகாரி வந்தார். அட்டையைக் கழற்றி நீட்டினார். நான் பம்ப் அறை வாசலில் நின்றிருந்தேன். தாங்கள் சொன்னீர்கள்: "எழுதினவரை விடுங்க சார். ஏழு வருஷம் அதைப் படிச்சு நம்புனது நான்."

அந்தப் பதிலோடு தங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. மறுநாள் அட்டை முதல் தொட்டியில் பழையபடி தொங்கியது. என் எழுத்தில் ஓர் அடித்தல்கூட இல்லை. முதல் வரியில் "பா"வுக்குப் பக்கத்தில் சிறிதாக ஒரு கேள்விக்குறி; "ஆண்" என்பதற்குப் பின்னால், தங்கள் கையால், பென்சிலில், "டு: ஏழு." பெரியப்பா? ஆண்டு: ஏழு. என்னைத் திருத்தியவர்களில் எனக்கு வலிக்காமல் திருத்திய ஒரே ஆள் தாங்கள்தான். என் மனைவியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அதோடு தாங்கள் நிற்கவில்லை. ஒரு தாய் தந்தையின் பிள்ளைகள் மட்டும் இருந்தால் இனம் நலிந்துபோகும் என்று மலையடி ஓடைகளைத் துழாவி இன்னும் நான்கைத் தேடிக் கொண்டுவந்தீர்கள், ஆணா பெண்ணா என்று மும்முறை பார்த்து. ஆற்று வளைவுக்கு அப்பால் மணல் எடுப்பதை நிறுத்தச் செய்து, லாரி லாரியாகக் கூழாங்கல் கொட்டிப் படுகை அமைத்தீர்கள். வருடந்தோறும் குஞ்சுகளை ஆற்றில் விடும்போது, நம் பிள்ளைகள் என்று பின்னால் தெரிவதற்கு, ஒவ்வொன்றின் வயிற்றுத் துடுப்பிலும் நுனியளவு கத்தரித்தீர்கள். ஐந்து வருடம் வலையில் வந்ததெல்லாம் கத்தரித்த துடுப்பு. ஆறு நம் பிள்ளைகளை வளர்த்ததே தவிர, தானாக ஒன்றும் பெறவில்லை. ஓய்வுக்கு முன் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று தாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் விடுப்பு நாளிலும் வலைக்காரரோடு படகில் போனதற்கு வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

போன வாரம் கூழாங்கல் படுகையருகே விரலளவுக் குஞ்சுகள் பதினொன்று வந்தன. துடுப்பு ஓரம் சிவந்திருந்தது. எந்தத் துடுப்பிலும் கத்தரி பட்டிருக்கவில்லை. வலைக்காரர் பார்த்தார், ஆய்வக உதவியாளர் பார்த்தார், ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். தாங்கள் மூன்றுமுறை பார்த்துவிட்டு, பதிவேட்டை என் பக்கம் தள்ளி, "நீங்களே எழுதுங்க" என்றீர்கள்.

எழுதினேன். "செவ்விளிம்பன் குஞ்சு, பதினொன்று. பிறந்த இடம்: ஆறு." அடுத்த கட்டம் ஆணா, பெண்ணா. அங்கே நிறுத்தி நிதானித்து, முத்து முத்தாக எழுதினேன்: "பெரியவர்களானதும் அவர்களே சொல்வார்கள்."

தாங்கள் சிரித்தீர்கள். கண்ணில் வந்ததை ஆற்று நீர் என்றீர்கள், நம்பினோம்.

அம்மையீர்! இம்மடலின் சட்டத்துக்குப் பின்புறம் அந்த அட்டையைச் செருகியிருக்கிறோம். சுவரில் மாட்டும்போது எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்பது தங்கள் விருப்பம். வற்றாத நீராய், வழுக்காத காலாய், கைநடுங்காத வயதாய்த் தாங்கள் நெடுநாள் நலம் வாழ்க! ஆற்றுப் பக்கம் வந்தால் தகவல் சொல்லுங்கள். பதினொருவரும் ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம்.

தங்கள் அன்பு மாறாத,
எழுத்தர், ஆய்வக உதவியாளர், வலைக்காரர், ஓட்டுநர்,
எழுதியதைச் சரிபார்க்கக் கற்றுக்கொண்ட பம்ப் இயக்குநர்,
மற்றும் முதல் தொட்டியிலிருந்து, பெரியம்மா.