குளிர் ஊர்க் கண்ணாடி

கூரைச் சன்னல் வாங்குகிற பலர் விலையையும் அளவையும் மட்டும்தான் பார்க்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டை யாரும் படிப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் சூட்டை அது எவ்வளவு பிடித்து வைக்கும், வெளியே அடிக்கும் வெயிலை எவ்வளவு உள்ளே விடும் என்று அதில் இரண்டு எண்கள் இருக்கும். நான் இரண்டையும் படித்தேன், சார்ஜென்ட். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சன்னல் வேண்டும் என்று கேட்டது என் மனைவி கிளெனிஸ்தான். நரம்பை அரிக்கும் நோய். பல வருஷமாகப் படுக்கை. உடம்பு சூடேறினால் கைகால் அசையாது, விழுங்கவும் முடியாது. குளிர்ந்தால் கொஞ்சம் திரும்பி வரும். நம் மில்டுராவில் கோடை எப்படிக் கொளுத்தும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் அவள் அறையில் கூலர் ஓயாமல் ஓடும். வாய் மட்டும் நன்றாகவே இருந்தது.

“கூரைல இருக்கற கறைக்கெல்லாம் பேர் வச்சாச்சு, கிளைவ். அந்த மூலைல இருக்கறது உங்கம்மா. மூக்கைப் பாரேன். எனக்குக் கொஞ்சம் வானத்தைக் காட்டு.”

“வானத்துல அப்படி என்ன இருக்கு?”

“உங்கம்மா இல்ல. அது போதாதா?”

உள்ளூர்க் கடைக்காரர்களுக்கு ஊர் வெயில் தெரியும். எனவே மெல்பர்னுக்குப் போனேன். கடையில் டாம்சின் என்ற பெண், வீடு எங்கே என்று கேட்டாள்.

“ஹோபர்ட்,” என்றேன். தெற்குக் கோடியில் இருக்கும் குளிர் ஊர். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

“அப்போ இதுதான் உங்களுக்கு. வெயிலை உள்ள விடும், வந்த சூட்டை வெளிய விடாது. ஆனா வடக்க மச்சான் யாராவது இருந்தா அவருக்குக் குடுத்துடாதீங்க. ஆள் வெந்துருவாரு.”

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

திறக்கிற மாதிரி வேண்டுமா, திரை வேண்டுமா என்றும் கேட்டாள். திறக்கும் சன்னலில் இடுக்கு வழியே சூடு கசியும், திரை வானத்தை மறைக்கும் என்று இரண்டையும் மறுத்தேன். யோசித்துப் பாருங்கள், இரண்டும் நியாயமான காரணங்கள்.

கூரையின் மேற்குச் சரிவில், அவள் படுக்கைக்கு நேர் மேலே நானே பொருத்தினேன். அந்தக் குளிர்காலத்தில் ஹீட்டர் பாதி நேரம்கூட ஓடவில்லை. கிளெனிஸ் மேகங்களுக்குப் பேர் வைக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, “நீ நல்லவன்டா கிழவா,” என்றாள். சன்னலை மாற்ற நிறைய நாள் இருந்தது. மாற்றவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். பராமரிப்பு இல்லத்தில் அவளுக்கு இடம் இருப்பதாக, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சொல்லியிருந்தாள். கிளெனிஸும் சம்மதித்தாள். “நான் போறேன், நீ கொஞ்சம் தூங்கு. நீ குறட்டை விட்டுக் கேட்டே எத்தனை நாளாச்சு,” என்றாள். ஆனால் புல்தரையில் பந்து உருட்டி ஆடும் எங்கள் பௌல்ஸ் கிளப்பில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: கிளைவ் மாதிரி புருஷன் அமையாது என்று. அவளை இல்லத்தில் விட்டுவிட்டு அங்கே எப்படிப் போய் நிற்பது? களைப்பும் தீர வேண்டும், பேரும் கெடக் கூடாது. அதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஜனவரியில், கோடை உச்சத்தில், தார் உருகிய அந்த நாளில், கூலரை அணைத்துவிட்டுக் கிளப்புக்குப் போனேன். வெயிலில் ஆட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டு நெவ் பீரோடு உட்கார்ந்திருந்தான்.

“இந்த வெயில்ல அவளைத் தனியா விட்டுட்டா வந்த?”

“கூலர் ஓடுது.”

“உன்னால எங்க வீட்டுல எனக்குத்தான்யா திட்டு. கிளைவைப் பாரு, கிளைவைப் பாருன்னு.”

ஆக, பொய் இரண்டு. மேலே ஒன்று என்று சொன்னதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. சாவுக்குக் காரணம் நோய் என்றே டாக்டர் எழுதினார். கிளப் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்து வைத்த பாத்திரங்கள் மேசை நிறைய இருக்கின்றன. ஒன்றின் மூடியைக்கூட என்னால் திறக்க முடியவில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று நடுவில் ஒரு முறை வீட்டுக்கு வந்தேன். உயிரோடு இருந்தாள். வெயில் நேராக முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பேச்சு வரவில்லை; கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். கூலர் சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். வெக்கை மற்ற அறைகளுக்குப் பரவிவிடக் கூடாது இல்லையா.